போனில் எடுத்ததே நன்றாக இருக்கிறதே, அண்ணாச்சி?

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று படம் எடுப்பதுதான் பிழைப்பு. ஆனால் இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களில் பலர் போட்டோ எடுக்க வருவதில்லை, புதிதாக வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை, அதாவது உள்ளே கண்ணாடி வைத்து, லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமராவை, தோளில் மாட்டிக்கொண்டு முறையிட வருகிறார்கள். "அண்ணாச்சி, இவ்வளவு துட்டு குடுத்து வாங்கிருக்கேன், தங்கச்சி போன்ல எடுத்த படம் இதைவிட நல்லா இருக்கு, பீஸ்ல ஏதும் கோளாறா இருக்குமோ?" என்பார்கள்.

கோளாறு இல்லை. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது.

போனை ஒரு தட்டுத் தட்டினால் அது பெரும்பாலும் ஒரே ஒரு படம் எடுத்து நிறுத்துவதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, இருட்டைக் கொஞ்சம் தூக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கி, வானத்துக்கு நீலம் ஏற்றி, முகத்தைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் உங்களிடம் காட்டும். டி.எஸ்.எல்.ஆர். அப்படி இல்லை, ஒரு அமுக்குக்கு ஒரு படம். அது போக, கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறதே, அதை 55-க்குத் திருகினால் அதன் வாய் அதிகபட்சம் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் சிறிதானால் வாய் பெரிதாகத் திறக்கிறது என்று அர்த்தம். எஃப் 1.8 திறக்கும் லென்ஸோடு ஒப்பிட்டால் இது ஒன்பது பத்து மடங்கு குறைவான வெளிச்சம். கடைக்காரர் எத்தனை மெகாபிக்சல் என்று சொல்வார், இதைச் சொல்ல மாட்டார்.

வெயிலில் எடுக்கும்போது இது தெரியாது. கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், திருச்செந்தூர் போகிற வழிதான். அந்த மண்டபத்துக் குறத்தியையும் ரதியையும் எடுக்க ஆசைப்படாதவர் யார்? உள்ளே வெளிச்சம் கம்மி. ஆட்டோவில் வைத்து அமுக்கினால் மண்டையில் இருக்கும் குட்டி ஃப்ளாஷ் டப்பென்று எழும்பி, நேர் எதிரே இருந்து வெளிச்சத்தை அடிக்கும். சிற்பத்துக்கு உயிரே பக்கவாட்டில் விழும் நிழலில்தான் இருக்கிறது, நகக் கணு வரைக்கும் கல்லில் செதுக்கி வைத்தவனின் உழைப்பை எல்லாம் அந்த ஒரு ஃப்ளாஷ் தட்டையாக்கி, கல்லைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி காட்டிவிடும். சரி, ஃப்ளாஷை அணைத்தாயிற்று என்றால் படம் கலங்கிப் போகும், ஏனென்றால் வெளிச்சம் போதாமல் கேமரா ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை, வெகு நேரம் திறந்து வைக்கிறது, அதற்குள் உங்கள் கை ஆடிவிடுகிறது.

இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸில் காட்டும் மில்லிமீட்டர் எண் எவ்வளவோ, ஒரு வினாடியை அத்தனை பங்காக்கி, அதைவிட வேகமாக ஷட்டரை வைக்க வேண்டும். சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் படம் விழும் சென்சார் சிறியது என்பதால் நிக்கானில் 1.5-ஆலும் கேனானில் 1.6-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். அதாவது 55-ல் எடுக்கும்போது ஷட்டரை வினாடியில் 100-ல் ஒரு பங்கைவிட மெதுவாக வைக்காமல் இருப்பது நல்லது. வெளிச்சம் போதவில்லையா, ஐ.எஸ்.ஓ-வை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற எண்ணை, 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று பயப்படுவார்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸில் ஆட்டம் தாங்கும் வசதி இருக்கிறதே என்று கேட்டால், அது உங்கள் கை ஆடுவதைத்தான் தாங்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தி வைக்காது.

அடுத்தது, "போகஸ் ஆக மாட்டேங்குது, பட்டனே அமுங்க மாட்டேங்குது." வாங்கிப் பார்த்தால் பாதி நேரம் லென்ஸ் பக்கவாட்டில் உள்ள சின்ன சுவிட்ச் கைபட்டு மேனுவலுக்கு நகர்ந்திருக்கும், அல்லது பூவுக்குப் பக்கத்தில், கால் மீட்டருக்கும் உள்ளே போய் மூக்கை வைத்திருப்பார்கள், அந்த லென்ஸால் அவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது. இன்னொரு பெரிய காரணம், போன் பழக்கத்தில் கேமராவைக் கை நீட்டிப் பிடித்துப் பின்னால் உள்ள திரையைப் பார்த்து எடுப்பது. பல டி.எஸ்.எல்.ஆர். மாடல்களில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே தூக்கித் திரை வேலை செய்யும்போது, வேகமாகப் போகஸ் பார்க்கும் கருவிக்கு வெளிச்சமே போகாது, அது தடவித் தடவித்தான் பிடிக்கும், பேட்டரியும் குடிக்கும். கண்ணை வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையில், வையுங்கள். அங்கே பார்த்தால் மங்கலாகத் தெரிகிறது என்பவர்கள், கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதை எழுத்து தெளிவாகத் தெரியும்வரை திருகுங்கள். மூக்குக் கண்ணாடி போட்டவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேரை எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வேறு குறை. வெள்ளை வேட்டிக் கூட்டம் முழுக்க அழுக்குச் சாம்பலாக விழுந்திருக்கும். கேமராவுக்கு எதிரே இருப்பது வேட்டியா, கருங்கல்லா, கரிசல் மண்ணா என்று தெரியாது, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்து அளக்கிறது. வெள்ளை நிறைய இருந்தால் இருட்டாக்கிவிடும், கருங்கல் சிலை என்றால் வெளுப்பாக்கிவிடும். கூட்டல் கழித்தல் போட்ட பட்டன் ஒன்று இருக்கும், வெள்ளைக்கு ஒன்று கூட்டுங்கள், கருப்புக்கு ஒன்று குறையுங்கள். வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அதற்கு ஒரு புகார் வரும்.

கல்யாண மண்டபத்தில் படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது என்பார்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். 100-ல் ஒரு பங்கு, 50-ல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மேடைக்குப் பின்னால் ஓடவிடும் கலர் எல்.ஈ.டி. சிலதற்கு அதுவும் எடுபடாது, அப்போது டெக்கரேஷன்காரரிடம்தான் பேச வேண்டும்.

நம்ம ஊருக்கென்றே உள்ள தொல்லை காற்று. ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை எடுக்கப் போய், அந்தப் புழுதிக்குள் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றுவார்கள். தூசி உள்ளே போய் சென்சாரில் உட்கார்ந்தால், லென்ஸ் வாயைச் சுருக்கி எஃப் 16 வைத்து வானத்தை எடுக்கும்போது கறுப்புப் பொட்டாகத் தெரியும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் அது தூசியைவிட மோசம், ரப்பர் ஊதுபை வைத்து ஊதுங்கள். வியூஃபைண்டரில் மட்டும் தெரிகிற தூசி படத்தில் விழாது, அதற்காகக் கடைக்கு ஓடி வர வேண்டாம். உவரி கடற்கரைக்குப் போனால் வீட்டுக்கு வந்ததும் உப்பைத் துடைத்துவிடுங்கள். குற்றாலச் சாரலில் நனைந்த பையைக் கேமராவோடு அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினால், சீசன் முடிந்து திறக்கும்போது லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு மூடி வையுங்கள்.

பறவை பார்க்கக் கூந்தன்குளம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஊருக்குள் மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டுகிறது, ஆனாலும் குளத்து நடுவில் இருக்கும் பறவை 18-55-ல் கடுகு போலத்தான் தெரியும். தூரத்தைக் கிட்டே இழுக்கும் 55-250, 70-300 மாதிரி லென்ஸ் ஏதாவது வேண்டும், அது இல்லாமல் கேமராவைத் திட்டிப் புண்ணியமில்லை.

"இனிமே டி.எஸ்.எல்.ஆர். வாங்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். கொண்டுவரவில்லை, கவனமெல்லாம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டது. அதனால் பழைய கேமராவும் லென்ஸும் மலிவாகக் கிடைக்கின்றன, கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இது நல்ல நேரம் என்பதுதான் என் கட்சி. கையில் இருக்கும் காசை இன்னும் பெரிய கேமரா பாடிக்குப் போடாமல் ஒரு 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸுக்குப் போடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள், உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை, விற்கிறவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வணக்கம்.