27 ஆண்டுகள், ஒரே துணைவேந்தர்

நேயர்களுக்கு வணக்கம். துணைவேந்தர் என்றதும் நம் கண்முன் வருவது பட்டமளிப்பு விழா மேடையும் ஜரிகை வைத்த அங்கியும்தான். வேந்தர் என்பவர் ஆளுநர். பல்கலைக்கழகத்தை அன்றாடம் நடத்துபவர் துணைவேந்தர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பொறுப்பை 1942 முதல் 1969 வரை ஒருவரே சுமந்தார். டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். 27 ஆண்டுகள்! அப்பா பட்டம் வாங்கியபோதும் அவர்தான், மகன் பட்டம் வாங்கியபோதும் அவர்தான்.

அவர் பிரசவ மருத்துவர். எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் பணியாற்றியவர். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். பிரசவம் பார்ப்பதில் பாதி கைத்திறன், பாதி பொறுமை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எப்போது கை வைக்க வேண்டும், எப்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்குவத்தை அவர் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுவந்தார் என்பது என் துணிபு.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. 1950களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஓர் இயற்பியல் துறை வேண்டும் என்று முதலியார் முனைந்தார். அதற்குத் தலைமை ஏற்க அவர் அழைத்தது யாரைத் தெரியுமா? நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமனை! ராமன் வரவில்லை; தம் மாணவர் ஒருவரைச் சொன்னார். அவர்தான் ஜி.என். ராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது 30. முப்பது வயது இளைஞரை ஒரு துறைக்கே தலைவராக்கினார் முதலியார். 1952இல் ராமச்சந்திரன் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு வந்தார். எக்ஸ்ரே ஆய்வுக்கூடம் அமைந்தது. அதன் பிறகு துணைவேந்தர் ஒதுங்கி நின்றார்.

நம் தோலுக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் புரதம் கொலாஜன். அதன் உள்ளமைப்பு எப்படி என்று உலகமே தேடிக்கொண்டிருந்தது. அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. நூல் போன்ற அந்தத் துண்டின் ஊடே எக்ஸ்ரேயைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். வானொலியில் உங்களுக்குப் படம் காட்ட முடியாது, வேண்டியதும் இல்லை. கிணற்றுக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிரி, ஒன்றையொன்று சுற்றி முறுக்கியது. கொலாஜனும் அப்படித்தான்! ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் அதை வெளியிட்டார்கள். 1963இல் அதே துறையிலிருந்து வந்ததுதான், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் எந்த நாட்டில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அந்தப் படத்தை முதலியார் எடுக்கவில்லை. கயிற்றை அவர் முறுக்கவில்லை. ஆளைத் தேடினார், பணம் ஒதுக்கினார், ஒதுங்கி நின்றார். மீண்டும் சொல்கிறேன், ஒதுங்கி நின்றார். நான் கல்லூரியில் பணியாற்றிய நாள்களில் ஒரு நுண்ணோக்கி கேட்டு எழுதிய கோப்பு மூன்று ஆண்டுகள் மேசை மேசையாகச் சுற்றியது. அனுமதி வந்தபோது அதைக் கேட்ட ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பாடம் நடத்திய காலியான ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெட்டியைப் பிரித்தது நான்தான். அதனால்தான் கிண்டியில் நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, பணம் கேட்கும் கலை. 1947இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. கிராமப்புறங்களில் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று முதலியார் பேசினார். கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அதே ஆண்டில் கல்லூரியும் தொடங்கிவிட்டது! கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944ஆம் ஆண்டிலேயே அவருடைய கொடையால் எழுந்தது. கொடுத்தவர் பெயர் கட்டடத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கேட்டவர் பெயரையும் நாம் நினைக்கலாம் அல்லவா?

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழுவுக்கு முதலியார் தலைமை ஏற்றதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். முதலியார் குழு என்று ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தில் அவர் ஆற்றிய பணியையும் சொல்ல நேரமில்லை.

1969இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூருக்குச் சென்றுவிட்டார். அவர் தொடங்கிய துறை கிண்டியில் இன்றும் நடக்கிறது. வணக்கம்.