டெஸ்ட் கிட் ஜீரோ காட்டுகிறது, பாசி மட்டும் போகவில்லை

ஒரு கை தண்ணீருக்குள் இருக்கிறது, கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதோ, இந்தக் கல்லின் மேல் பாருங்கள். நனைந்த தலைமுடி மாதிரி பச்சையாக அலைகிறதே, அதுதான் முடிப் பாசி. மீனும் கோரல் என்கிற பவளமும் வளர்க்கும் கடல்நீர் டேங்க் இது. ஒரு காலத்தில் இதில் கல்லே தெரியாத அளவுக்குப் பாசி இருந்தது. இப்போது இந்த ஒரு மூலையில் மட்டும் பாக்கி. அதைப் பிடுங்கிக்கொண்டே பேசுகிறேன்.

கமெண்டில் அடிக்கடி வருகிற கேள்வி இதுதான்: "நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ, பிறகு எப்படிப் பாசி வளர்கிறது?" இந்த இரண்டும்தான் பாசிக்கு உரம். நானும் மாதக்கணக்கில் இதே கேள்வியோடு டெஸ்ட் கிட்டை முறைத்துக்கொண்டிருந்தவன்தான். விஷயம் என்னவென்றால், கிட் அளப்பது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும். தினமும் உணவு வழியாக உள்ளே வருவதைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது. காலிப் பாத்திரத்தைப் பார்த்து இங்கே சமையலே நடக்கவில்லை என்று முடிவு கட்டலாமா? அந்தக் கதைதான். டேங்க் முழுக்கப் பாசி, கிட்டில் ஜீரோ என்றால், கிட்டை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

கல்லும் இதில் கூட்டுக்களவாணி. நாம் வைக்கிற கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் அதிகமாக இருந்த நாட்களில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதனால்தான் இன்று தண்ணீரை மாற்றி, நாளை டெஸ்ட் செய்தால் எண் பழையபடி ஏறி நிற்கிறது. ஏமாந்துவிட்டோமே என்று நினைக்க வேண்டாம், கல் காலியாக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

(ஆ! இந்தக் க்ளவுன் மீன் கையைக் கடிக்கிறது. உன் வீட்டைத்தான் சுத்தம் செய்கிறேன், சும்மா இரு.)

சரி, பிடுங்கும் முறை. முதலில் பம்ப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிய்ந்த துண்டுகள் டேங்க் முழுக்கப் பறந்து ஒவ்வொரு இடத்திலும் வேர்பிடிக்கும். ஒரு மெல்லிய டியூபைப் பல் துலக்கும் பிரஷ்ஷோடு சேர்த்துக் கட்டி, தேய்க்கத் தேய்க்க சைஃபன் வெளியே இழுக்கும்படி செய்திருக்கிறேன். தண்ணீர் மாற்றும் வேலையும் அதிலேயே முடிந்துவிடுகிறது. தூக்கக்கூடிய கல் என்றால், வெளியே எடுத்த உப்புத் தண்ணீர் வாளிக்குள் வைத்துத் தேயுங்கள். குழாய்த் தண்ணீரில் வேண்டவே வேண்டாம், கல்லில் இருக்கும் நல்ல பாக்டீரியா போய்விடும். கையால் எடுப்பதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஒரு கைப்பிடி பாசியை வெளியே போடும்போது, அது சேர்த்து வைத்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதோடு வெளியே போகிறது. உள்ளேயே செத்தால் எல்லாம் மறுபடி தண்ணீருக்குத்தான்.

நத்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. டர்போ, டிராக்கஸ் எல்லாம் குட்டையான பாசியைத்தான் மேயும். விரல் நீளம் வளர்ந்ததை அநேகமாகத் திரும்பியும் பார்க்காது. நீங்கள் மொட்டை அடித்துக் கொடுங்கள், அவை பார்த்துக்கொள்ளும். அஸ்ட்ரியா கவிழ்ந்தால் தானாக நிமிர்வது கஷ்டம், டிராக்கஸ் நிமிர்ந்துவிடும், அதனால் என் ஓட்டு டிராக்கஸுக்கு. கடல் முயல் என்கிற பாசி தின்னும் கடல் நத்தை வகையை வாங்குகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள்: சில வாரங்களில் பாசியைத் தின்று தீர்த்துவிடும், அப்புறம் பட்டினியால் சாகும். வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

டேங்கில் ஊற்றும் தண்ணீருக்கு ஆர்ஓ டிஐ வடிகட்டி, உப்பு கலக்கும் முன் கரைந்த பொருட்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் ஜீரோ. இங்கே மட்டும் ஜீரோ நல்லது. ஆனால் கடைசிக் கட்டமாக வடிகட்டும் டிஐ ரெசின் தீர்ந்துபோகும்போது முதலில் நழுவி வருவதில் சிலிகாவும் ஒன்று, மீட்டருக்கு அது சரியாகத் தெரியாது. பழைய டேங்கில் திடீரென்று மணல்மேல் பழுப்புப் பொடி படிந்தால் ரெசினைச் சந்தேகப்படுங்கள். புது டேங்கில் அதே பழுப்பு வந்தால் அது சிலிகாவை எடுத்து வளரும் டயாட்டம் என்கிற நுண்பாசி, பெரும்பாலும் தானாகப் போய்விடும், விட்டுவிடுங்கள். உறைந்த உணவைக் கழுவிப் போடுங்கள் என்பார்கள். கழுவினால் கெடுதல் இல்லை, ஆனால் அந்தச் சாற்றில் போகும் பாஸ்பேட், மீன் தின்னும் உணவுக்குள் இருப்பதோடு பார்த்தால் சொற்பம்.

இப்போது நான் செய்த முட்டாள்தனம். பாசியை ஒழித்தே தீருவது என்று, பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓவை அளவுக்கு மீறிப் போட்டேன். நுரையாக்கிக் கழிவை அகற்றும் ஸ்கிம்மர் முழு வேகத்தில், மீனுக்கு உணவு பாதி. முடிப் பாசி வெளுத்துச் செத்தது. துள்ளிக் குதித்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மணல்மேல் பழுப்பு நிறத்தில் சளி, நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழ். இரவில் குறையும், விளக்கு போட்டதும் மதியத்துக்குள் திரும்ப வரும். டினோஃப்ளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் உயிரி. நத்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, இரண்டு கோரல் போயிற்று. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உண்மையிலேயே தரைதட்டி, போட்டிக்கு இருந்த பாசியும் பாக்டீரியாவும் ஒடுங்கும்போதுதான் இந்தப் பேய்க்குக் கொண்டாட்டம். முடிப் பாசியே தேவலை என்று அழுதேன்.

விலை குறைந்த மைக்ரோஸ்கோப் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். கண்ணீர்த்துளி வடிவம், கயிற்றில் கட்டிய மாடு முளையைச் சுற்றுவது மாதிரி ஒரே புள்ளியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்கிற டினோ வகை. இது இரவில் தண்ணீரில் மிதக்கப் போகும், அதனால் தண்ணீரை உள்ளே ஓடவிட்டுக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்குக் கருவியில் மாட்டும். மணலை விட்டு நகராத ஆம்ஃபிடினியம் வகை என்றால் யூவி வாங்கியது வீண். பார்க்காமல் மருந்து தேடாதீர்கள். நான் ஜிஎஃப்ஓவை எடுத்தேன், உணவை ஏற்றினேன், யூவி கருவிக்கு நேரே டேங்கிலிருந்தே தண்ணீர் போய்வரும்படி மாட்டினேன். அது ஒழிய சுமார் ஆறு வாரம்.

இப்போது நான் வைத்திருப்பது நைட்ரேட் 5லிருந்து 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05லிருந்து 0.1. டேங்கோடு இணைந்த தனித் தொட்டியான சம்ப்பில் கீட்டோ என்கிற நூல்கண்டு மாதிரியான பாசியை வளர்க்கிறேன், டேங்க் விளக்கு அணைந்த பிறகு அதற்கு விளக்கு எரியும். பாசி எப்படியும் வளரத்தான் போகிறது, நான் சொன்ன இடத்தில் வளரட்டும். ஆனால் அதை வாராவாரம் அள்ளி வெளியே போட்டால்தான் பலன். பந்து பெரிதாகிறதே என்று ரசித்துக்கொண்டு விட்டால் நடுப்பகுதி அழுகும்.

வாளியைக் காட்டுகிறேன் பாருங்கள், இன்றைக்கு எடுத்தது இவ்வளவுதான், ஒரு உள்ளங்கை. கல்லின் பின்பக்கம் இன்னும் இருக்கிறது, அதற்கு இரண்டு கையும் வேண்டும். கேமராவை வைக்கிறேன்.