மரபணுவைப் பூட்டும் நொதிகள்

நேயர்களுக்கு வணக்கம். இன்சுலின் மரபணு நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் உண்டு. சுரப்பதோ கணையத்தின் பீட்டா செல்கள் மட்டும்தான். மற்ற செல்களில் அது பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டில் மீத்தைல் ஏற்றும் நொதிகளுக்குப் பங்குண்டு.

டிஎன்ஏவின் எழுத்துகளில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள்தான் இவற்றின் களம். நொதி அந்த சைட்டோசினை இழையிலிருந்து வெளியே புரட்டி, ஒரு மீத்தைலை ஒட்டுகிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். இந்தத் துணுக்கு மட்டுமே மரபணுவை அடக்கிவிடுவதில்லை. பலரும் தவறவிடுவது இதைத்தான். மெக்பி2 போன்ற புரதங்கள் மீத்தைலைப் பிடித்துக்கொண்டு, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலிருந்து அசெட்டைல் என்ற துணுக்கைக் கழற்றும் நொதிகளை வரவழைக்கும். அந்தப் பகுதி இறுகும். படியெடுக்கும் நொதிக்கு வழி கிடைக்காது.

செல் பிரியும்போது புது இழையில் மீத்தைல் இருக்காது. பழைய இழையில் மட்டும் இருப்பதை யுஎச்ஆர்எஃப்1 என்ற புரதம் கண்டுபிடித்து, டிஎன்எம்டி1 நொதியை அங்கே சேர்க்கிறது. அது விட்ட இடத்தை நிரப்புகிறது. மீத்தைல் என்ற இந்தக் குறியை முதன்முதலில் வைப்பது டிஎன்எம்டி3ஏ, 3பி நொதிகள். மறுபடியும் சொல்கிறேன்: வைப்பது ஒன்று, காப்பது இன்னொன்று. காப்பது தவறினால், ஒவ்வொரு பிரிவிலும் குறி பாதியாகக் கரையும்.

அகூட்டி எலிகளைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? இந்த ரகத்தில் ரோம நிறத்தைத் தீர்மானிக்கும் அகூட்டி மரபணுவுக்கு முன்னால் ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு புகுந்திருக்கிறது. அதில் மீத்தைல் குறைந்தால் மரபணு ஓயாமல் வேலை செய்யும். எலி மஞ்சளாகும், கொழுக்கும். மீத்தைல் நிறைந்தால் பழுப்பு, ஒல்லி. மரபணு வரிசை இரண்டுக்கும் ஒன்றே! 2003இல் வாட்டர்லேண்ட், ஜெர்ட்டில் என்ற ஆய்வாளர்கள் தாய் எலிக்கு, உடம்பில் மீத்தைல் கிடைக்க உதவும் ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டேன் சேர்த்த தீனி கொடுத்தார்கள். சினைக்கு முன்பே தொடங்கி, பால்குடி வரை. பழுப்புக் குட்டிகள் கூடின. அதற்காக மாத்திரையை அள்ளிப் போடாதீர்கள்; அந்தத் தாவும் துண்டு உள்ள எலிக்கான கணக்கு இது. கர்ப்பிணிகள் மருத்துவர் எழுதியதை நிறுத்தவும் வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை வருகிறது. மருந்தைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அசாசைட்டிடின், சில எலும்பு மஜ்ஜை நோய்களுக்கானது. போலிச் சைட்டோசினாக டிஎன்ஏவில் நுழைந்து டிஎன்எம்டி1ஐச் சிக்க வைக்கும்; அதனால் மீத்தைல் குறி கரையும். பிரியும் செல்லில்தான் பலிக்கும். அளவு கூடினால் செல்லையே கொல்லும். ஆகவே ஏழு நாள் ஊசி, 28 நாளுக்கொரு சுற்று. பலன் தெரியச் சில சுற்றுகள் ஆகும். ஒன்றிரண்டோடு விட்டுவிடக் கூடாது. நன்றி, வணக்கம்.