சென்னை – யாழ்ப்பாணம்: எவ்வளவு தூரம், ஃபிளைட்டில் எவ்வளவு நேரம்?

வணக்கம் மக்களே! இன்றைக்கு யாழ்ப்பாணம் போகிறோம். கொழும்பு வழியாக இல்லை, மீனம்பாக்கத்திலிருந்து நேராகப் பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு.

முதலில் தூரம். மேப்பை எடுத்துப் பாருங்கள், சென்னைக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கில் இருக்கிறது பலாலி. நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். மதுரைக்குப் பறக்கிற தூரம்கூட இதைவிட அதிகம்! வெளிநாடு என்று சொன்னதுமே நம் மனசுக்குள் தூரம் கூடிவிடுகிறது.

சரி, நேரம்? டிக்கெட்டில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கும். இந்தத் தூரத்துக்கு அவ்வளவா என்று கேட்பீர்கள். போவது ஜெட் இல்லை, ஏடிஆர் 72. இறக்கைக்கு ஒன்றாக ப்ரொப்பெல்லர் சுற்றுகிற சின்ன விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம்தான். அதோடு, டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் மட்டும் இல்லை. இங்கே நிற்கிற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கிற வரைக்கும் கணக்கு. ரன்வே வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

இப்போது கொழும்பு வழியைப் பாருங்கள். சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கா 650 கிலோமீட்டர் போல வரும். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டால் அது யாழ்ப்பாணத்துக்கு மேலேயே போகிறது! அதாவது, போக வேண்டிய ஊரைத் தாண்டிப் பறந்து, தெற்கே இறங்கி, திரும்ப வடக்கு நோக்கி ரோட்டில் ஏழெட்டு மணி நேரம் வர வேண்டும். வயசான அம்மா அப்பாவை, கைக்குழந்தையைக் கூட்டிக்கொண்டு இப்படி அலைந்தவர்கள் எத்தனை பேர்! எனக்கு இந்த நேர் ஃபிளைட் பெரிய விஷயமாகத் தெரிவது அதனால்தான்.

இத்தனைக்கும் இது புது வழி இல்லை. 1947 டிசம்பர் 10-ல் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பு பக்கத்திலிருக்கிற இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராஸுக்குத்தான் வந்தது. காங்கேசன்துறை என்று அன்றைக்குச் சொன்னது இதே பலாலி நிலையத்தைத்தான். போர்க்காலத்தில் அந்தத் தொடர்பு அறுந்தது. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தது.

அப்புறம், சீட் எடுக்கும்போது வலது பக்க ஜன்னலைக் கேளுங்கள். போகும்போது நம்ம கடற்கரை அந்தப் பக்கம்தான். ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைக்காது. ஏறுவதும் இறங்குவதும் பின் கதவு வழியாக, அதனால் சீக்கிரம் இறங்க வேண்டும் என்றால் பின்வரிசை நல்லது. கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். பலாலியிலிருந்து யாழ் டவுன் இன்னும் 17 கிலோமீட்டர் போல இருக்கும்.

டெல்டா பக்கம் இருப்பவர்கள் இதற்காகச் சென்னைக்கு வர வேண்டாம். 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் நேர் ஃபிளைட் தொடங்கினார்கள். தூரம் 185 கிலோமீட்டர்தான். எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு என்பது மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.