மஞ்சப்பையில வர்ற கணக்கு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. டாக்ஸ் படிப்பு பத்தி, அதைப் படிச்சா என்ன வேலைக்குப் போலாம்னு ஒரு பத்து நிமிஷம் பேசுங்கன்னு ரேடியோ நிலையத்துல இருந்து கூப்பிட்டாங்க. நான் ப்ரொஃபசர் எல்லாம் இல்லீங்க, திருப்பூர்ல ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் ஃபைல் பண்ற ஒரு சின்ன ஆபீஸ் வச்சிருக்கேன், அவ்ளோதான், அதனால பாடம் மாதிரி இருக்காது, நான் பட்டதைச் சொல்றேன்.

நான் 2009ல பி.காம் முடிச்சேன். கடைசி வருஷத்துல இன்கம்டாக்ஸ் லா அண்ட் பிராக்டிஸ்னு பேப்பர் வரும். சம்பளம், வீட்டு வருமானம், தொழில், சொத்து வித்து வர்ற லாபமான கேபிட்டல் கெயின், அப்புறம் இதுல எதுலயும் சேராத இதர வருமானம்னு அஞ்சு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் கணக்கு போடணும். எல்லா கணக்கும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், "திரு. எக்ஸ் அவர்களின் கீழ்க்கண்ட விவரங்களிலிருந்து மொத்த வருமானத்தைக் கணக்கிடுக". இந்த எக்ஸ் இருக்காரே, அவருக்குச் சொந்தமா ரெண்டு வீடு இருக்கும், ஒண்ணு வாடகைக்கு விட்டிருப்பாரு, குதிரை ரேஸ்ல ஜெயிச்சிருப்பாரு, லாட்டரி வேற விழுந்திருக்கும். தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரியை தடை பண்ணியாச்சு, ஆனா நாங்க படிச்ச வரைக்கும் எக்ஸுக்கு மட்டும் தவறாம விழுந்துட்டே இருந்துச்சு.

அதை நான் கிண்டலுக்குச் சொல்லல, அந்தக் கணக்கு போட்டுப் பழகினதாலதான் எந்த வருமானம் எந்தத் தலைப்புல உக்காரும்னு இன்னைக்கு வரைக்கும் கை தானா போகுது. ஆனா ஒரு விஷயத்தை காலேஜ்ல யாரும் சொல்லித் தரல. அங்க "கீழ்க்கண்ட விவரங்கள்" கேள்வியிலயே இருக்கும், வெளிய வந்தா அந்த விவரமே இருக்காது, அதைக் கண்டுபிடிக்கறதுதான் வேலையே.

ஆடிட்டர் ஆபீஸ்ல சேர்ந்த மொத வாரம், பவர் டேபிள் போட்டு தெச்சுக் குடுக்கற ஒருத்தர் வந்தாரு, கையில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ஒரு வருஷத்து பில்லு, கரண்ட் பில்லு, டீக்கடை சீட்டு, பேங்க் பாஸ்புக், சம்சாரம் பேர்ல இருக்கற அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட், எல்லாம் கலந்து கிடந்துச்சு. டேபிள்ல கொட்டிட்டு "பார்த்துக்கம்மா"ன்னு சொல்லிட்டு கெளம்பிட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. எங்க சார் சிரிச்சுட்டே, அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சு கேளுன்னாரு. கேட்டேன். "அண்ணா, இந்த மூணு லட்சம் எங்க இருந்து வந்துச்சுங்க?" "அது மச்சான் குடுத்ததும்மா." "கைல குடுத்தாரா, பேங்க்லயா?" அங்கதான் விஷயமே இருக்கு, கடனா 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது, வாங்கினா அந்த அளவுக்கே அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. மச்சானா இருந்தாலும் அதேதான்! நல்லவேளை செக்ல வாங்கியிருந்தாரு. அந்த ஒரு கேள்வியை கேட்கத் தெரிஞ்சவங்கதான் இந்தத் தொழில்ல நிக்கறாங்க. கூட்டல் கழித்தல் எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்குது.

நான் பண்ணின தப்பையும் சொல்லிடறேன். 2017 ஜூலை 1ந் தேதி ஜிஎஸ்டி வந்துச்சு, அது வரைக்கும் நாங்க 2007ல வந்த வாட்ங்கற பழைய விற்பனை வரில ஊறிக் கிடந்தவங்க. ஜிஎஸ்டி நம்பர்ல மொத ரெண்டு எழுத்து மாநிலத்தோட கோடு, நமக்கு 33, கேரளாவுக்கு 32. ஒரு பனியன் பார்ட்டியோட சேல்ஸ் பில்லை எண்ட்ரி போடறப்போ வாங்கினவரோட நம்பர் 32ன்னு ஆரம்பிச்சதை நான் கவனிக்கவே இல்ல, வெளிமாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி கட்ட வேண்டியதை உள்ளூர் விற்பனை மாதிரி மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டின்னு பிரிச்சுக் கட்ட வச்சுட்டேன். அதைச் சரி பண்ண ஐஜிஎஸ்டியை மறுபடியும் முழுசா கட்டணும், தப்பா கட்டினதை ரீஃபண்ட் கேட்டு வாங்கணும், வட்டி கிடையாது, அது ஒண்ணுதான் ஆறுதல், ஆனா அந்தப் பணம் திரும்பி வர்ற வரைக்கும் பார்ட்டியோட துட்டு முடங்கிக் கெடந்துச்சு. அவர் என்னைத் திட்டவே இல்லீங்க, திட்டியிருந்தா கூட தேவலைன்னு இருந்துச்சு. இப்போ எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற பிள்ளைகளுக்கு மொத நாள் நான் காட்டறது அந்த ரெண்டு நம்பரைத்தான்.

நிறைய பேரு டாக்ஸ்னா கணக்கு நல்லா வரணும்னு நினைக்கறாங்க. அப்படி இல்லீங்க, படிக்கத் தெரியணும், அதாவது ஒரு வாக்கியத்தை நிதானமா படிச்சு அது யாரைச் சொல்லுது, யாரை விட்டுருதுன்னு பார்க்கத் தெரியணும். நம்ம பரோட்டாவையே எடுத்துக்கங்க. பாக்கெட்ல விக்கற பரோட்டா ரொட்டி வகையா இல்லையான்னு ஒரு கேஸு, 2020ல கர்நாடகால, எவ்வளவு வரின்னு முன்கூட்டியே கேட்டு வாங்கற அட்வான்ஸ் ரூலிங்ல, ரொட்டி சப்பாத்தி மாதிரி 5 சதவீதம் கிடையாது, பரோட்டாவுக்கு 18 சதவீதம்னுட்டாங்க, ஏன்னா அதை மறுபடி சூடு பண்ணித்தான் சாப்பிடணுமாம். நாடே சிரிச்சுச்சு. அப்புறம் 2025 செப்டம்பர் 22ல ரேட்டெல்லாம் மாத்தினப்போ பரோட்டாவுக்கு வரியே இல்லன்னு ஆயிருச்சு. ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்ங்கறதுல அத்தனை ரூபா நின்னுச்சு பாருங்க.

எங்க ஊருக்கு இன்னும் நெருக்கமான ஒண்ணு சொல்றேன். சிறு, குறு தொழில் பண்றவங்ககிட்ட சரக்கோ, கூலிக்கு செஞ்சு குடுக்கற ஜாப் ஒர்க்கோ வாங்கினா, அக்ரிமெண்ட் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லாட்டி 15 நாள், அதுக்குள்ள பணம் குடுக்கணும், குடுக்காம வருஷம் முடிஞ்சிருச்சுன்னா அந்தச் செலவை அந்த வருஷ கணக்குல கழிக்க முடியாது, எப்ப குடுக்கறீங்களோ அப்பத்தான். 2023-24ம் நிதியாண்டுல இருந்து இது வந்துச்சு. திருப்பூர்ல மூணு மாசம், நாலு மாசம் கடன்ங்கறது சர்வ சாதாரணம், நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், ஸ்டிச்சிங்னு சங்கிலி மாதிரி எல்லாருமே அடுத்தவன் குடுத்தா குடுக்கறேன்னு ஓட்டறவங்க. அந்த மார்ச் மாசம் எங்க ஆபீஸ்ல போன் வைக்க முடியல. ஜாப் ஒர்க் பண்றவங்களுக்கு நல்லதுன்னு கொண்டு வந்த விதி, ஆனா சிறு, குறு தொழில்னு ரிஜிஸ்டர் பண்ணாதவங்ககிட்ட ஆர்டரை மாத்திக்கலாமான்னும் சில பேரு கேட்டாங்க. சட்டம் ஒண்ணு நினைக்குது, ஊரு ஒண்ணு பண்ணுது, நடுவுல நாம உக்காந்திருக்கோம்.

சரி, வேலைக்கு வர்றேன், அதுக்குத்தான் கேட்டுட்டு இருக்கீங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி இன்னமும் ஆடிட்டர் ஆபீஸ்தான். ஆரம்பத்துல சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன், எனக்கு மாசம் 3,500 குடுத்தாங்க. ஆனா ரெண்டு வருஷத்துல ஜவுளி, அரிசி மண்டி, டாக்டர், லாரி ஆபீஸ்னு நாப்பது தொழிலோட உள்பக்கம் பார்த்துருவீங்க. சிஏ, அதாவது சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட், பண்ண ஆசை இருந்தா பி.காம்ல 55 சதவீதம் எடுத்தாலே ஃபவுண்டேஷன்ங்கற மொத பரீட்சை எழுதாம நேரா அடுத்த கட்டமான இன்டர் போலாம், ஆடிட்டர்கிட்ட பயிற்சி எடுக்கற ஆர்ட்டிகிள்ஷிப்பும் இப்போ ரெண்டு வருஷமா குறைச்சுட்டாங்க. முடியலைன்னா வாழ்க்கை போச்சுன்னு இல்லீங்க, இன்டரோட நின்ன எத்தனையோ பேரு கம்பெனிகள்ல டாக்ஸ் செக்ஷனையே நடத்தறாங்க. என்னை மாதிரி ஜிஎஸ்டி ப்ராக்டிஷனர் ஆகணும்னா காமர்ஸ் டிகிரி வச்சு ரிஜிஸ்டர் பண்ணி ஒரு எக்ஸாம் எழுதணும், 50 சதவீதம் எடுக்கணும். சொந்தமா போர்டு மாட்டிக்கலாம், ஆனா டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்து போட சிஏதான் வேணும், அந்த எல்லை தெரிஞ்சு இருக்கணும்.

கவர்மென்ட் வேலைன்னா மத்திய அரசுல எஸ்எஸ்சி சிஜிஎல் பரீட்சை எழுதி இன்கம்டாக்ஸ் இன்ஸ்பெக்டர், ஜிஎஸ்டி இன்ஸ்பெக்டர் ஆகலாம், நம்ம டிஎன்பிஎஸ்சி குரூப் ஒன்ல வணிகவரி உதவி ஆணையர் போஸ்ட் இருக்கு, யுபிஎஸ்சில வருவாய்த்துறை பதவியான ஐஆர்எஸ். இதுக்கெல்லாம் எந்த டிகிரியும் போதும், பி.காம்தான் வேணும்னு இல்ல, அதனால கவர்மென்ட் வேலைக்காகவே டாக்ஸ் படிக்கறேன்னு யாராவது சொன்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். இன்னொண்ணு அமெரிக்கா டாக்ஸ். நம்ம ஊர்ல உக்காந்துட்டு அங்க இருக்கறவங்களுக்கு ரிட்டர்ன் போடறது, சென்னைல, கோயமுத்தூர்ல எல்லாம் ஆள் எடுக்கறாங்க. என்ரோல்டு ஏஜெண்ட்னு அமெரிக்க வரித்துறை பரீட்சை, மூணு பேப்பர் இருக்கு, பாஸ் பண்ணினா மதிப்பு அதிகம். ஜனவரில இருந்து அங்க ரிட்டர்ன் போட கடைசி நாளான ஏப்ரல் 15 வரைக்கும் தூக்கத்தை மறந்துரணும்.

இனிமே எல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிருமே, உங்களுக்கு வேலை இருக்குமான்னு கேப்பாங்க. பாதி உண்மைதான். வட்டி, ஷேர், முன்னாடியே பிடிச்சுக் கட்டற டிடிஎஸ் எல்லாம் வரித்துறை போர்ட்டல்லயே வந்து நிக்குது, வெறும் எண்ட்ரி போட மட்டும் தெரிஞ்சவங்களுக்குக் கஷ்டம்தான். ஆனா போர்ட்டல்ல எல்லாம் தெரியறதாலயே நோட்டீஸும் அதிகமாகுது, சப்ளையர் ரிட்டர்ன் போடலைன்னா வாங்கினவருக்கு, குடுத்த வரியைக் கழிச்சுக்கற கிரெடிட் மாட்டிக்குது, அதுக்கு பதில் எழுத ஆள் வேணும்ல.

இன்னொரு நல்ல சேதி. 1961 இன்கம்டாக்ஸ் சட்டத்துக்குப் பதிலா புது சட்டம் போட்டாச்சு, 2026 ஏப்ரல் 1ல இருந்து அதுதான். வருமானம் வந்த வருஷம் ப்ரீவியஸ் இயர், அதுக்கு வரி போடற வருஷம் அசெஸ்மெண்ட் இயர்னு எங்களைக் குழப்பின ரெண்டும் போயி டாக்ஸ் இயர்னு ஒண்ணே ஒண்ணு, செக்ஷன் நம்பரெல்லாம் மாறுது. இருவது வருஷம் மனப்பாடம் பண்ணின நம்பரையெல்லாம் நாங்க மறந்துட்டு முதல்ல இருந்து வர்றோம், இப்ப படிக்கற பசங்க எங்களுக்குப் பக்கத்துல நின்னு ஆரம்பிக்கறாங்க. நம்ம மாகாணத்துக்கு இதெல்லாம் புதுசும் இல்ல, 1939ல ராஜாஜி காலத்துல இங்கதான் பொது விற்பனை வரியே வந்துச்சு, மதுவிலக்கால விழுந்த பள்ளத்தை நிரப்பறதுக்கு. அப்ப இருந்த கணக்குப்பிள்ளைகளும் இதே மாதிரிதான் தலையைப் பிச்சிருப்பாங்க.

கேட்கணும்னா நிலையத்துக்கு லெட்டர் போடுங்க, பதில் சொல்றேன். ஆனா இன்னைக்கு 18ந் தேதி ஆச்சுங்க, 20ந் தேதிக்குள்ள 3பிங்கற மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும், ஆபீஸ்ல மூணு மஞ்சப்பை பிரிக்காம கெடக்கு. வரட்டுங்களா, வணக்கம்.