முடிவைச் சொல்லிவிட்டுத் தொடங்கும் கதைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு தொடரை மாதக்கணக்கில் பார்த்துவருகிறீர்கள். கடைசிக்கு முந்தைய பகுதியில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒருத்தன் செத்துப்போகிறான். கதாநாயகன் இல்லை, அவன்கூடவே வந்து நடுநடுவே கேலி பேசுகிற இரண்டாவது ஆள். டிவியை அணைத்த பிறகும் மனம் ஆறவில்லை. "பின்கதவு திறந்துதானே இருந்தது, ஓடியிருக்கலாமே?" என்று படுத்தபடியே கதையைத் திருத்துகிறீர்கள். நம்மில் பெரும்பாலோர் அப்படியே தூங்கிவிடுவோம். சிலர் எழுந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அந்த எழுத்துதான் ஃபேன்ஃபிக்ஷன், ரசிகர்கள் எழுதும் கதை. சுருக்கமாக ஃபேன்ஃபிக். பெரும்பாலும் காசு வாங்காமல், தங்களைப் போன்ற ரசிகர்களுக்காகவே எழுதுகிறார்கள்.

நான் எழுதுகிறவன் இல்லை, வாசிக்கிறவன். வெகுகாலமாக வாசிக்கிறேன். இதில் என்னை இழுத்துப் பிடித்திருப்பது ஒரு விஷயம்: முடிவு என்ன என்று முதல் வரிக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள், அப்புறமும் நம்மைக் கடைசி வரை வாசிக்கவைக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் வகைகள். புத்தகக் கடை அலமாரிகளில் துப்பறியும் கதை, காதல் கதை, பேய்க்கதை என்று எழுதியிருக்கும். உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று சொல்லும் பெயர்கள். ஃபேன்ஃபிக் வகைப் பெயர்களில் பல வேறு மாதிரி. மூலக்கதையை இந்தக் கதை என்ன செய்யப்போகிறது என்று அவை சொல்கின்றன. திருத்தப்போகிறதா, விட்டுப்போன இடத்தை நிரப்பப்போகிறதா, ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு உலகத்தில் விடப்போகிறதா? மூலக்கதையை அங்கே கேனன் என்பார்கள். இந்த ஒரு சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

திருத்தும் கதைக்கு ஃபிக்ஸ்-இட் என்று பெயர். செத்தவனைப் பிழைக்கவைப்பது, பிரிந்தவர்களைச் சேர்த்துவைப்பது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணத்தை எழுதியது ரசிகர் இல்லை, மூல ஆசிரியரே. 1893இல் ஆர்தர் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் முடித்துக்கட்டினார். வாசகர்கள் விடவில்லை. 1901இல் ஒரு புதிய தொடர்கதையை ஆரம்பித்தார், ஆனால் அது ஹோம்ஸ் சாவதற்கு முன்னால் நடந்த கதை. நழுவல்தான். கடைசியில் 1903இல் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். எப்படி? பழைய கதையில் அருவிப் பாதையில் இருவர் நடந்துபோன தடம் இருக்கும், யாரும் திரும்பி வந்த தடம் இருக்காது. இந்தத் தடத்தை டாயில் அழிக்கவில்லை. எதிரி மட்டும் விழுந்தான், ஹோம்ஸ் தான் செத்ததாகவே எல்லோரும் நம்பட்டும் என்று பாதையில் கால் வைக்காமல் பாறைச் சுவரில் ஏறிப் போய்விட்டார் என்று எழுதினார். நல்ல ஃபிக்ஸ்-இட்டுக்கு இதுதான் இலக்கணம். கேனனில் கண்ணால் பார்த்த எதையும் மாற்றக்கூடாது, பார்க்காத இடத்தில்தான் புகுந்து வேலை செய்யவேண்டும். எல்லாமே கனவு என்று சொல்லிச் செத்தவனை எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் இரண்டாம் பத்தியிலேயே விட்டுவிடுவேன்.

அடுத்தது, மூலம் காட்டாமல் விட்ட காட்சியை எழுதுவது. நாயகன் போருக்குப் போய்விட்டான், கதையும் அவனோடு போய்விட்டது. வீட்டில் இருந்தவள் அந்த நேரத்தில் என்ன நினைத்தாள்? இந்த மாதிரி எழுத்து நமக்குப் புதிதே இல்லை. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து எழுந்த அகலிகை அதற்கப்புறம் எப்படி வாழ்ந்தாள்? சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் ராமன் என்று சீதை வாயாலேயே கேட்டபோது அவள் என்ன ஆனாள்? மறுபடியும் கல்லாகிறாள். ஒரு பழைய கதையின் மௌனமான இடத்தில் கைவைத்து 1943இல் எழுதிய கதை. அதற்கு மேலே புதுமைப்பித்தன் ஒரு குறிப்பும் போட்டிருப்பார்: ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல்கூட இருக்கலாம், அதை நான் பொருட்படுத்தவில்லை என்கிற தொனியில். இன்றைக்கு ஃபேன்ஃபிக் எழுதுகிறவர்களும் கதைக்கு மேலே இதே குறிப்பைத்தான் போடுகிறார்கள். பிடிக்கவில்லையா, வாசிக்காதே. அவர்களில் பலர் புதுமைப்பித்தன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆட்களைத் தூக்கி வேறு உலகத்தில் விடும் கதைகளுக்கு ஏயூ என்று பெயர், ஆல்டர்னேட் யுனிவர்ஸ். இதிலே ரொம்பப் பேர்போனது காபி ஷாப் ஏயூ. கேனனில் ஒருவன் கொலைகாரன், இன்னொருவன் சாகாவரம் பெற்ற போர்வீரன். இங்கே ஒருவன் காபி போட்டுக்கொடுக்கிறான், மற்றவன் தினமும் அதே நேரத்துக்கு வந்து குடிக்கிறான். அவ்வளவுதான் கதை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எழுதுகிறவருக்கு இது கடுமையான பரீட்சை. வாளைப் பிடுங்கிவிட்டோம், சாகாவரத்தைப் பிடுங்கிவிட்டோம், இனி இவன்தான் அவன் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? அவன் கோப்பையை மேஜைமேல் வைக்கும் விதத்தில் தெரியவேண்டும். கதவுக்கு முதுகு காட்டாமல் உட்காருவதில் தெரியவேண்டும். அப்படித் தெரியவில்லை என்றால் பெயர் மட்டும் கடன் வாங்கிய ஏதோ ஒரு காதல் கதைதான் மிஞ்சும். அப்படிப்பட்டவையும் ஏராளம், சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

சரி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். ஒவ்வொரு கதைக்கும் மேலே டேக் என்று வரிசையாகக் குறிச்சொற்கள் இருக்கும். 'ஸ்லோ பர்ன்', அதாவது காதல் மெதுவாகத்தான் பற்றும், அவசரப்படாதே. 'ஹர்ட் கம்ஃபர்ட்', ஒருவர் அடிபடுவார், இன்னொருவர் தேற்றுவார். 'எதிரிகள் காதலர்களாவது'. 'ஒரே ஒரு கட்டில்': மழை, வழியில் ஒரு விடுதி, ஒரே அறை, அதில் ஒரே கட்டில். அந்த விடுதிக்காரர் ஏன் எப்போதும் ஒரே ஒரு கட்டில்தான் வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. அந்தக் கட்டிலுக்காகத்தானே இந்தக் கதையைத் திறந்தோம்!

அப்படியென்றால் சுவாரசியம் எங்கே இருக்கிறது? ஃபைவ் பிளஸ் ஒன் என்று ஒரு வடிவம் உண்டு, ஐந்தும் ஒன்றும். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தலைப்பிலேயே முழுக்கதையும் இருக்கும். நான் ஒன்றைக் கற்பித்துச் சொல்கிறேன்: 'ஐந்து முறை கேப்டன் காய்ச்சலை மறைத்தார், ஒரு முறை மறைக்கவில்லை.' கேப்டன் ஒரு கப்பலை ஓட்டுகிறவர். அந்தக் கப்பலில் ஒரு மருத்துவர் இருக்கிறார், இரண்டு பேருக்கும் ஆகாது. ஆறு சின்னக் காட்சிகள். முதல் காட்சியில் கேப்டன் குளிருது என்று கோட்டைப் போட்டுக்கொள்கிறார், யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவதில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிறார், மருத்துவர் தட்டைப் பார்க்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவதில் கேட்கிறார், கேப்டன் எரிந்து விழுகிறார். நான்காவதில் மருத்துவர் கேட்கவில்லை, மேஜைமேல் மாத்திரையை வைத்துவிட்டுப் போகிறார். கேப்டன் அதைத் தொடவில்லை. ஐந்தாவதில் மாத்திரை காலியாகியிருக்கிறது, ஆனால் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. ஆறாவதில் கேப்டன் தானாகவே மருத்துவரின் கதவைத் தட்டுகிறார். கதை முடிந்தது.

கவனித்தீர்களா? ஆறாவது காட்சியில் என்ன நடக்கும் என்று தலைப்பைப் பார்த்ததுமே தெரியும். ஆனாலும் ஐந்து காட்சியிலும் நாம் தேடுவது ஒன்றுதான்: போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம்? கோட்டு, தட்டு, மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. அடுத்து என்ன என்ற கவலையை வாசகரின் தலையிலிருந்து இறக்கிவிட்டால், அந்த இடத்தில் கூர்ந்து பார்க்கும் பொறுமை வந்து உட்காருகிறது. ராகம் தெரிந்தவர்தானே சங்கதியை ரசிக்க முடியும்? அதே கதைதான். வழக்கமான அச்சு, அதனால் சோம்பேறித்தனம் என்று விமர்சிக்கிறவர்கள் ஐந்தாவது காட்சியை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். ஐந்தாவதுதான் கஷ்டம். நான்காவதைவிட நெருங்கவேண்டும், ஆனால் ஆறாவதைத் தின்றுவிடக்கூடாது. பல நல்ல எழுத்தாளர்கள் இந்த ஐந்தாவதில்தான் சறுக்குகிறார்கள்.

இதெல்லாம் இணையத்தில் முளைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். விண்கப்பல் ஒன்றில் நடக்கும் ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக 1967இல் ஸ்பாக்கனேலியா என்ற ரசிகர் இதழ் வந்தது. அந்தக் காலத்து இதழ்களைக் கையால் அச்சு உருட்டித் தபாலில் அனுப்பினார்கள், எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1973இல் அப்படியொரு இதழில் பாலா ஸ்மித் என்பவர் ஒரு பக்கக் கேலிக்கதை எழுதினார். பதினைந்தரை வயதுப் பெண் ஒருத்தி, கடற்படை மாதிரியான அந்த விண்வெளிப் படையிலேயே வயதில் இளைய அதிகாரி. கேப்டன் பார்த்ததும் காதல் சொல்கிறார், அவள் எல்லோரையும் காப்பாற்றுகிறாள், செத்துப்போகிறாள், கப்பலே அழுகிறது. அவள் பெயர் மேரி சூ. எழுதுகிறவரின் ஆசைகளே உருவெடுத்துக் கதைக்குள் நடமாடும் பாத்திரத்துக்கு அன்றுமுதல் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கேலி அருமையான கேலிதான். ஆனால் பிற்காலத்தில் பெண் பாத்திரம் கொஞ்சம் கெட்டிக்காரியாக இருந்தாலே மேரி சூ என்று முத்திரை குத்த ஆரம்பித்தார்கள். பத்துப் பேரை ஒற்றை ஆளாக அடிக்கிற ஆண் நாயகனுக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கிறதில்லையே! பதின்ம வயதில் எழுத வருகிற பிள்ளைகள் முதலில் தங்களைத்தான் எழுதுவார்கள். எழுதட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இரண்டு கதையுலகத்து ஆட்கள் சந்திக்கும் கிராஸ்ஓவர் பற்றி நிறைய வைத்திருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். டிராபிள் என்று ஒன்று, சரியாக நூறு வார்த்தைகளில் ஒரு கதை. நூற்றியொன்று ஆனால் டிராபிள் இல்லை என்று பிடிவாதம் பிடிப்பார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற இணையக் களஞ்சியத்தையாவது சொல்லிவிடுகிறேன். 2009இல் பொதுமக்களுக்குத் திறந்தது, விளம்பரம் கிடையாது, தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். ஒரே விஷயத்துக்கு ஆளாளுக்கு ஒரு மாதிரி போடும் டேக்குகளை ஒன்றோடொன்று கோத்துவிடுவதற்கென்றே தனியாகத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆக்கங்கள் அங்கே இருக்கின்றன, 2019இல் அந்தக் களஞ்சியத்துக்கு அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருது கிடைத்தது.

வாசித்துப் பார்க்க நினைப்பவர்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையிலிருந்து தொடங்குங்கள். மேலே இருக்கும் எச்சரிக்கைகளைத் தாண்டிப் போகாதீர்கள். 'முக்கியப் பாத்திரத்தின் மரணம்' என்று போட்டிருந்தால் நிஜமாகவே சாவார்கள். அப்புறம், அத்தியாய எண்ணிக்கையைப் பாருங்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றிருந்தால் கதை முடிந்துவிட்டது. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால், கடைசியாக எப்போது எழுதினார்கள் என்று தேதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நன்றி, வணக்கம்.