இருபத்தாறைத் தாண்டினாத்தான் இருபத்தேழு

(போன ஞாயித்துக்கிழமை பம்பாய் சயான்ல நம்ம தமிழ் ஆராதனை முடிஞ்சப்புறம் பேசினது. சில பேர் எழுதித் தரச் சொன்னீங்க, பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாஸ்டர் ஐயா எனக்கு இருபது நிமிஷம் குடுத்திருக்காங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வேதத்தை வரிசையா வாசிக்கிறதைப் பத்தித்தான் பேசப் போறேன், அதாவது ஒரு புஸ்தகத்தை எடுத்தா ஒண்ணாம் அதிகாரத்துல ஆரம்பிச்சு, எதையும் தாவாம, இன்னைக்கு விட்ட இடத்துல நாளைக்குப் பிடிச்சு, கடைசி அதிகாரம் வரைக்கும் போறது.

நம்ம எல்லார் வீட்டு சுவத்துலயும் ஒரு வாக்குத்தத்தக் கார்டு இருக்கும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில ஜெபம் பண்ணிட்டு கண்ணை மூடி எடுப்போம், வருஷம் பூரா அந்த ஒரு வசனம்தான் நமக்கு. எங்க அம்மா அப்படி எடுத்த கார்டையெல்லாம் சாகுற வரைக்கும் பைபிளுக்குள்ளேயே வச்சிருந்தாங்க, அவங்க அடக்கம் முடிஞ்சு நான் அந்த பைபிளை எடுத்தப்போ மடியில கொட்டுச்சு. அதனால அந்தப் பழக்கத்தை நான் லேசா பேச மாட்டேன். ஆனா அந்தக் கார்டுல ஒண்ணு எரேமியா 29:11. உங்க பேர்ல நான் வச்சிருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்குன்னு வருமே, அதான். அதை எத்தனையோ வருஷம் தனியா வாசிச்ச நான், அந்த அதிகாரத்தை முதல்ல இருந்து வாசிச்ச அன்னைக்குத்தான் அது பாபிலோனுக்கு சிறையா போனவங்களுக்கு வந்த கடிதம்னு பார்த்தேன். 10ஆம் வசனத்துல எழுபது வருஷம் ஆகும்னு இருக்கு. கேட்டவங்கள்ல பாதிப் பேரு ஊர் திரும்பவே மாட்டாங்க. 5ஆம் வசனத்துல, அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு இருக்கு. 7ல, நீங்க போய்ச் சேர்ந்த பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு. சாத்தான்குளத்துல இருந்தும் நாங்குநேரியில இருந்தும் வந்து இந்த பம்பாய்ல மூணு தலைமுறையா இருக்கிற நமக்கு, 11ஐ விட 7 எவ்வளவு பெரிய வார்த்தை, சொல்லுங்க. கார்டுல அது வரவே இல்லையே.

ஜனவரி 1ன்னா எனக்கு இன்னொண்ணும் ஞாபகம் வரும். 1519 ஜனவரி 1, சுவிட்சர்லாந்துல சூரிச் நகரத்து பெரிய கோயில்ல, சபையைச் சீர்திருத்தினவங்கள்ல ஒருத்தரான உல்ரிச் சுவிங்லி முதல் முதலா பிரசங்க பீடம் ஏறினாரு, அன்னைக்குத்தான் அவருக்கு 35 வயசு முடியுது. ஞாயிறுக்கு ஞாயிறு குறிச்சு வச்ச பகுதியை எடுத்துப் பேசுறதுதான் அப்போ வழக்கம், அவரு அதை விட்டுட்டு மத்தேயு ஒண்ணாம் அதிகாரத்துல ஆரம்பிச்சாரு. ஒண்ணாம் அதிகாரம் என்ன? ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான். புது ஊரு, புது ஜனம், முதல் நாளு, வம்ச வரலாறு! மத்தேயு முடிச்சு அப்போஸ்தலர் நடபடிகள்னு போயிட்டே இருந்தாரு. இன்னொரு சீர்திருத்தக்காரரு ஜான் கால்வினை 1538ல ஜெனீவாவை விட்டு வெளியே அனுப்பிட்டாங்க, 1541ல திரும்பக் கூப்பிட்டாங்க. பழசையெல்லாம் பேசுவாருன்னு ஜனம் காத்துக்கிட்டு இருக்கு, அவரு மூணு வருஷம் முன்னாடி எந்த இடத்துல விட்டாரோ அதுக்கு அடுத்ததுல இருந்து ஆரம்பிச்சாரு.

இவங்க யாரும் இதைப் புதுசா கண்டுபிடிக்கல. கால கோடா பக்கம் போனா நீலக் கலர்ல ஒரு யூத ஜெப ஆலயம் இருக்கும், 1884ல சசூன் குடும்பம் கட்டினது, பஸ்ல போறப்ப நம்மள்ல நிறைய பேரு பார்த்திருப்போம். யூதங்க ஐந்தாகமத்தை, அதாவது ஆதியாகமம் முதல் உபாகமம் வரைக்கும் இருக்கிற அஞ்சு புஸ்தகத்தை, வாராவாரம் வரிசையா வாசிச்சு ஒரு வருஷத்துல முடிக்கிறாங்க, உபாகமம் கடைசி வரி முடிஞ்ச அதே நாள்ல ஆதியாகமம் முதல் வரியைத் தொடங்கிடுவாங்க, நடுவுல ஒரு நாள் கூட இடைவெளி கிடையாது. இங்கிலாந்து சபையோட ஆங்கிலிக்கன் ஜெப புஸ்தகம் 1549ல வந்தப்போ அதோட முன்னுரையில அந்த சபைப் பேராயர் கிரான்மர் வருத்தப்பட்டு எழுதறாரு, ஏசாயாவை ஒரு காலத்துல ஆரம்பிக்கிறாங்க, ஆதியாகமத்தை ஒரு காலத்துல ஆரம்பிக்கிறாங்க, ஆரம்பிக்கிறதோட சரி, முடிக்கிறதே இல்லைன்னு. சங்கீதம் 150ஐயும் முப்பது நாளைக்குப் பிரிச்சு காலையில இவ்வளவு, சாயங்காலம் இவ்வளவுன்னு போட்டது அந்த வருத்தத்துலதான்.

சரி, நம்ம கதைக்கு வர்றேன். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு தாராவியில ஒரு ரூம்ல பத்துப் பன்னெண்டு பேர் உக்காந்து வாரம் மூணு அதிகாரம் வாசிக்கிறோம். ஒருத்தர் சத்தமா வாசிப்பாரு, மத்தவங்க கேப்போம், அதிகாரம் முடியற வரைக்கும் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது, அது ஒண்ணுதான் சட்டம். ஆதியாகமத்துல ஆரம்பிச்சது, ட்ரெயின் நின்ன மழை நாளெல்லாம் போக, கிட்டத்தட்ட மூணு வருஷம் ஆகுது.

எண்ணாகமம் 25, 26, 27 வாசிச்ச அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். 26 முழுக்க ஜனக்கணக்கு. இன்ன கோத்திரம், இன்ன வம்சம், இத்தனை பேரு, கடைசியில மொத்தம் 6,01,730 ஆம்பளைங்க. வாசிக்கிற தம்பிக்கு நாக்கு குழறுது, பாதிப் பேருக்கு தூக்கம். எங்க கூட ஒரு அக்கா வருவாங்க, விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு இட்லி அவிச்சு அனுப்புறவங்க, அவங்க சுவத்துல சாஞ்சுட்டாங்க. 33ஆம் வசனத்துல ஆம்பளைக் கணக்குக்கு நடுவுல திடீர்னு செலொப்பியாத்னு ஒருத்தர், அவருக்கு மகன் இல்லை, அஞ்சு பொம்பளைப் பிள்ளைங்க, அஞ்சு பேரோட பேரும் எழுதியிருக்கு. யாரும் கவனிக்கல. 27 ஆரம்பிச்சதும் அந்த அஞ்சு பேரும் வந்து மோசே முன்னாடியும் ஆசாரியன் முன்னாடியும் சபை எல்லாருக்கும் முன்னாடியும் நிக்கிறாங்க. எங்க அப்பாவுக்கு மகன் இல்லைங்கறதுக்காக அவரு பேரு அத்துப் போகணுமா, எங்களுக்கும் பங்கு குடுங்கன்னு கேக்கறாங்க. மோசே கர்த்தர்கிட்ட கொண்டு போறாரு, கர்த்தர், அந்தப் பிள்ளைங்க சொல்றது சரிதான்னு சொல்றாரு.

அக்கா எப்போ நிமிர்ந்து உக்காந்தாங்கன்னு தெரியல. "தம்பி, அதை இன்னொரு தடவை வாசி"ன்னாங்க. வாசிச்சான். "யாரு சரின்னு சொன்னது? மோசேயா?"ன்னாங்க. "இல்லக்கா, கர்த்தர்"ன்னான். அப்புறந்தான் எங்களுக்குத் தெரியும், ஊர்ல அப்பா நிலத்துல பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணன் தம்பிங்க ஒரு மாசமா போன் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. பேரைச் சொல்லாம இதை இங்க சொல்லலாம்னு அக்காவே சொன்னதாலதான் சொல்றேன்.

அக்காவுக்காக நாங்க யாரும் அந்த அதிகாரத்தைத் தேடி எடுக்கல, அவங்க கஷ்டமே எங்களுக்குத் தெரியாது. உலகம் முழுக்க பல சபைகள்ல பயன்படுத்துற மூணு வருஷ ஞாயிறு பாட அட்டவணை ஒண்ணு இருக்கு, 1992ல வந்தது, நல்லா யோசிச்சு செஞ்சதுதான், ஆனா அதுல எண்ணாகமத்துல இருந்து எடுத்திருக்கிறது 6, 11, 21ஆம் அதிகாரங்கள்ல சில வசனங்கள் மட்டும். மூணு வருஷம் ஒரு ஞாயிறு தவறாம கோயிலுக்கு வந்தாலும் இந்த அஞ்சு சகோதரிகளை நீங்க சந்திக்க மாட்டீங்க. 26ல உக்காந்திருந்தவங்களுக்குத்தான் 27 கிடைச்சுது.

வரிசையா வாசிச்சா நமக்குப் பிடிக்காததும் வரும், அதையும் சொல்லிடறேன். மூணு வாரம் கழிச்சு 36. அந்தப் பிள்ளைங்க சொந்தக் கோத்திரத்துலதான் கல்யாணம் பண்ணணும், இல்லைன்னா நிலம் வேற கோத்திரத்துக்குப் போயிடும்னு சொந்தக்காரங்க வந்து முறையிடறாங்க, அதுவும் சரின்னு ஆகுது. அக்கா முகம் சுருங்கிடுச்சு, "அப்பவும் இப்படித்தானா"ன்னாங்க. எங்க யாருக்கும் பதில் வரல. நான் அதை மழுப்பல, அப்படியே விட்டோம்.

அஞ்சு மாசம் கழிச்சு யோசுவா 17. மோசே செத்துப் போயாச்சு. வாக்குக் குடுத்தவரு இல்லை, அந்த அஞ்சு பேரும் திரும்ப வந்து ஆசாரியன் எலெயாசார் முன்னாடியும் யோசுவா முன்னாடியும் நின்னு, எங்களுக்குத் தரணும்னு கர்த்தர் மோசேக்கு சொல்லியிருக்காருன்னு கேக்கறாங்க. குடுக்கறாங்க. அக்கா, "குடுத்துட்டாங்களா? நிஜமாவே குடுத்துட்டாங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அதுக்கு நடுவுல அவங்க ஊருக்குப் போய் என்ன பேசிட்டு வந்தாங்கங்கறது அவங்க குடும்ப விஷயம், அதை நான் பேசல.

வீட்டுல செய்யணும்னா, மொத்தம் 1,189 அதிகாரம், தினம் மூணு, ஞாயித்துக்கிழமை அஞ்சுன்னு வச்சா ஒரு வருஷத்துல முடிஞ்சுடும், இது நம்ம பெரியவங்க சொன்ன கணக்குதான். முடியலைன்னா தினம் ஒண்ணு. கல்யாண்ல இருந்து உக்காந்து வர்றவங்க ட்ரெயின்லயே முடிச்சுடலாம். ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா சேர்த்து வச்சு ஓடாதீங்க, விட்ட இடத்துல இருந்து போங்க. லேவியராகமத்துல நிறைய பேரு நின்னுடறாங்க, அதை மட்டும் தனியா வாசிக்காம யாரையாவது பக்கத்துல வச்சுக்கிட்டு சத்தமா வாசிங்க.

நாங்க போன புதன் நெகேமியா 7 முடிச்சிருக்கோம், அதுவும் பேரு பட்டியல்தான். வர்ற புதன் எட்டு. தண்ணீர் வாசலுக்கு முன்னாடி வீதியில எஸ்றா நின்னு காலமே தொடங்கி மத்தியானம் வரைக்கும் வாசிக்கிற அதிகாரம். மறுநாளும் கூடி வாசிக்கிறப்போ, பண்டிகைக்குக் கூடாரம் போட்டு அதுல குடியிருக்கணும்னு எழுதியிருக்கிறதைக் கண்டுபிடிக்கிறாங்க, யோசுவா காலத்துக்கு அப்புறம் யாரும் அப்படிச் செஞ்சதே இல்லையாம். உடனே மலைக்குப் போய் ஒலிவக் கிளையும் பேரீச்ச மட்டையும் வெட்டிக்கிட்டு வந்து அவங்கவங்க மொட்டை மாடியில கூடாரம் போடறாங்க. அன்னைக்கு வாசிக்கிறது அந்த இட்லி அக்காதான், ஒரு மாசமா பேத்திகிட்ட எழுத்துக் கூட்டிப் பழகிக்கிட்டு இருக்காங்க. எட்டு மணிக்கு ஆரம்பிப்போம், வாங்க.